இலங்கைப் போர்க்குற்றங்கள்: உள்ளூர் நீதிமன்றமா, சர்வதேச நீதிமன்றமா? கூடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி பக்கம் எங்களைச் 'சிலோன்காரங்க' என்றுதான் இன்றும் சொல்வார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாங்கள். நான் கூடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வீட்டுப் பிரச்சினை என்று வருகிற பெரியவர்கள், பேச்சு முடிந்து எழும்போது தயங்கி நின்று கேட்பது ஒன்றுதான்: "அங்க நடந்ததுக்கு எங்கயாவது கேஸ் போட முடியுமா தம்பி?" பலமுறை வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

போர் நடந்தது வன்னியில். மலைநாட்டிலிருந்து வந்த நமக்கு இதில் என்ன?

நம்மில் எல்லாரும் இந்தியாவுக்கு வரவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983-க்குப் பிறகும் தோட்டங்களில் அடிபட்ட பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. என் அம்மா கப்பல் ஏறினார். அவருடைய தங்கை, என் சின்னம்மா, வடக்கே போனார். 2009 மே மாதம் முல்லைத்தீவுப் பக்கம் சின்னம்மாவின் மூத்த மகன் காணாமல் போனான். இந்த மலையில் விசாரித்துப் பார்த்தால் இப்படி எத்தனையோ வீடு இருக்கும்.

போர் என்றால் சாவு இருக்கத்தானே செய்யும்? எதைப் போர்க்குற்றம் என்கிறார்கள்?

சண்டையில் ஆயுதம் ஏந்தியவனை எதிர்த்தரப்பு கொல்வது போர்க்குற்றம் ஆகாது. ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் கொல்வது, மருத்துவமனை மீது குண்டு போடுவது, பொதுமக்களைக் குறிவைப்பது, அவர்களைக் கேடயமாக நிறுத்துவது, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் துப்பாக்கி கொடுப்பது, இவையெல்லாம் குற்றம். 1949-ல் வந்த நான்கு ஜெனிவா ஒப்பந்தங்களிலும் மூன்றாவது பிரிவு ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கிற சண்டைக்கும் அது பொருந்தும். "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்று எந்த அரசும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடக்கிற தாக்குதல் மானுடத்துக்கு எதிரான குற்றம். அதற்குப் போர்கூட நடக்க வேண்டியதில்லை. இனப்படுகொலை என்றால், ஓர் இனத்தை முழுசாகவோ ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். மூன்றில் நிரூபிக்க மிகக் கடினமானது அதுதான். மேடையில் எளிதாகச் சொல்லிவிடலாம், கோர்ட்டில் அப்படி முடியாது.

கொலை கொலைதானே? அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே கொலை வழக்கு நடத்தினால் போதாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நியாயமான கேள்வி. சம்பவம் நடந்த இடம், சாட்சி, மொழி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நல்லபடியாக நடக்குமானால் உள்ளூர் நீதிமன்றத்துக்கு ஈடு வேறில்லை என்பதே என் கருத்து. நடந்தும் இருக்கிறது. 1996-ல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி கிருஷாந்தி சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டு, வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். 1998-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் படையினருக்குத் தண்டனை விதித்தது. அப்போது தண்டனை பெற்ற ஒரு சிப்பாய், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருக்கின்றன என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999-ல் தோண்டியபோது கிடைத்தவை 15. அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், 2025-ல் மறுபடி தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. ஒரு பிள்ளையின் எலும்புகளோடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை ஒன்றும் இருந்தது.

இனி மிருசுவில் வழக்கு. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வீட்டைப் பார்க்கப் போனார்கள். எட்டுப் பேர் கழுத்து அறுக்கப்பட்டு மலக்குழியில் போடப்பட்டார்கள். அதில் ஒரு குழந்தைக்கு 5 வயது. தப்பி ஓடிய ஒருவர் சொல்லித்தான் விஷயமே வெளியே வந்தது. ஐந்து பேர் மீது வழக்கு. 2015-ல், அதாவது 15 வருடம் கழித்து, ஒரே ஒரு படையினருக்கு மரண தண்டனை, மற்ற நால்வருக்கும் விடுதலை. 2019-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். நீதிமன்றங்கள் 20 வருடத்தில் செய்து முடித்ததை ஒரு கையெழுத்து அழித்துவிட்டது.

சாதாரணக் கொலை வழக்கின் போதாமை இன்னும் ஆழமானது. கொலைச் சட்டம் "கத்தியைப் பிடித்தது யார்?" என்று கேட்கும். சர்வதேசச் சட்டம் அதோடு நிற்காமல், "அவனுக்கு மேலே இருந்தவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்தும் தடுக்காமல், தண்டிக்காமல் இருந்தாரா?" என்றும் கேட்கும். இதைத்தான் கட்டளைப் பொறுப்பு என்கிறோம். ஷெல் அடியில் செத்தவருக்குச் சுட்டவன் முகம் தெரியாது. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பீரங்கியை இயக்கிய சிப்பாயைத் தேடிப்பிடித்துக் கொலை வழக்குப் போடுவது நடக்கிற காரியமா? பொஸ்னியாவின் சராயேவோ நகரை முற்றுகையிட்டு ஷெல்லாலும் மறைந்திருந்து சுட்டும் மக்களைக் கொன்றதற்காக, அந்தப் படையின் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச்சுக்கு, ஐ.நா. அமைத்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 2006-ல் ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர் கையால் ஒரு ஷெல்கூட அடிக்கவில்லை.

அதே தீர்ப்பாயம் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். குரோஷியத் தளபதி கோட்டோவினா வழக்கில், ராணுவ இலக்கிலிருந்து 200 மீட்டருக்கு வெளியே விழுந்த ஷெல்லைச் சட்டவிரோதத் தாக்குதலுக்குச் சான்றாக எடுத்து 24 வருடம் தண்டித்தார்கள். 2012-ல் மேல்முறையீட்டில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அந்த 200 மீட்டர் கணக்குக்கு ஆதாரமில்லை என்று அவரை விடுவித்தார்கள். சர்வதேச நீதிமன்றம் என்றால் தண்டனை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம்.

பண்டாரவளைப் பக்கம் முகாமில் இளைஞர்களை வெட்டிக் கொன்றார்களே, அந்த வழக்கு என்ன ஆனது?

பிந்துனுவெவ. கொளப்பள்ளியில் இதைக் கேட்ட தாத்தாவுக்கு அந்த ஊர்ப் பாதை முழுக்க மனப்பாடம். 2000 அக்டோபர் 25 காலை, புனர்வாழ்வு முகாமில் இருந்த 25-க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கூட்டம் ஒன்று புகுந்து கொன்றது. பொலிஸ் பக்கத்திலேயே நின்றது. 2003-ல் உயர் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் எல்லாரையும் விட்டுவிட்டது. இன்று அந்தக் கொலைகளுக்குக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை.

குமாரபுரத்தில் 1996-ல் 24 பேர் கொல்லப்பட்டார்கள். திருகோணமலை மாவட்டத்து வழக்கை அனுராதபுரத்துக்கு மாற்றினார்கள். சாட்சி சொல்ல வேண்டிய தமிழ்க் கிராமத்தவர்கள் அங்கே போய்வர வேண்டியிருந்தது. சிங்கள ஜூரி முன்னால் விசாரணை. 2016-ல் ஆறு படையினரும் விடுதலை. 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர் போதிய சாட்சியம் இல்லை என்று 2019-ல் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் உயிருக்குப் பயந்து எப்போதோ நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. சேர்த்து வைத்துப் பாருங்கள். சாட்சிக்குப் பாதுகாப்பில்லை, வழக்கு இடம் மாறுகிறது, வருடக்கணக்கில் இழுக்கிறது. குற்றம் சாட்டப்படுவதும் அரசு ஆள், விசாரிப்பதும் அரசு, வழக்கு நடத்துவதும் அதே அரசின் சட்டமா அதிபர் (அட்டர்னி ஜெனரல்). நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தன் முன்னால் வைக்கப்படும் சாட்சியத்தை வைத்துத்தானே தீர்ப்பு எழுத முடியும்!

அப்படியானால் நேராக ஹேக் நகருக்கு எழுதிப் போட்டால் என்ன?

நெதர்லாந்தின் ஹேக் நகரில் முக்கியமாக இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான வழக்குகளுக்கு. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிக்கிறது. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

1998-ல் ரோமில் ஏற்கப்பட்ட சட்டத்தின்படி அது 2002 ஜூலை 1 முதல் இயங்குகிறது. அதற்கு முன் நடந்ததைத் தொட முடியாது. 2009 அந்தக் காலத்துக்குள் வருகிறது. ஆனால் இலங்கை உறுப்பினர் இல்லை. இந்தியாவும் இல்லை. உறுப்பினர் அல்லாத நாட்டின் மண்ணில் அந்த நாட்டவர் செய்த குற்றம் அங்கே போக வேண்டுமானால் ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அல்லது அந்த நாடே அதிகாரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் சபை 2005-ல் சூடானின் தார்ஃபூரையும் 2011-ல் லிபியாவையும் அனுப்பியது. 2014-ல் சிரியாவை அனுப்பும் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டுத் தடுத்தன. இலங்கை விஷயத்திலும் இந்தத் தடை இருக்கிறது.

தனி ஆள் யாரும் அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பலாம். ஆனால் மனுக் கொடுத்ததும் எண் போட்டு வழக்கு எடுக்கிற இடம் அல்ல அது.

இன்னொன்று முக்கியம். அந்த நீதிமன்றமே உள்ளூர் நீதிமன்றத்துக்கு அடுத்தபடிதான். சொந்த நாடு உண்மையாக விசாரித்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். நாட்டுக்கு மனமில்லை, அல்லது முடியவில்லை என்று காட்டினால்தான் உள்ளே வரும். அதனால்தான் தோற்றுப்போன உள்ளூர் வழக்குகள்கூட வீண் போவதில்லை என்கிறேன். மிருசுவில் மன்னிப்பும் குமாரபுரம் தீர்ப்பும் "இங்கே நீதி கிடைக்கவில்லை" என்பதற்கான அத்தாட்சிகள்.

அங்கே நம் ஆட்கள் யாராவது நீதிபதியாக இருந்திருக்கிறார்களா?

நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண். நம் முன்னோர் இலங்கைக்குக் கூலிகளாகப் போனது போலவே அவருடைய முன்னோரும் அங்கே போனவர்கள். ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயத்தில் 1998-ல் அகாயேசு என்ற மேயரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் அவர் ஒருவர். ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் கொடுத்த முதல் இனப்படுகொலைத் தீர்ப்பு அது. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் பகுதியாகலாம் என்று சொன்ன முதல் தீர்ப்பும் அதுதான். அப்புறம் அவர் ஹேக்கில் நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் இருந்தார்.

வேறு ஏதாவது நாட்டில் வழக்குப் போட வழி இருக்கிறதா?

இருக்கிறது. இப்போதைக்கு அதிகம் நம்பக்கூடிய வழி இதுதான் என்று நினைக்கிறேன். சில குற்றங்கள் எங்கே நடந்தாலும் எந்த நாடும் விசாரிக்கலாம் என்பதை உலகளாவிய நியாயாதிக்கம் என்கிறார்கள். டமாஸ்கஸ் சிறைக்கூடத்தில் நடந்த சித்திரவதைகளுக்காக, சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு 2022-ல் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகர நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. சாட்சி சொன்னவர்களில் பலர் அங்கே அகதிகளாக வந்து சேர்ந்த சிரியர்கள்.

இலங்கை சம்பந்தமாகவும் சில நடந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 2000-ல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் நிமலராஜன் வழக்கில் 2022-ல் பிரிட்டிஷ் பொலிஸ் ஒருவரைக் கைது செய்து விசாரித்தது. ஆனால் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நாட்டு மண்ணில் கால் வைத்தால்தான் பெரும்பாலும் எதுவும் நடக்கும். 2025-ல் பிரிட்டன் சில இலங்கைத் தளபதிகள் மீது விதித்தது பயண, சொத்துத் தடை. அது தண்டனை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவிலேயே போட முடியாதா? நாம் இந்தியக் குடிமக்கள்தானே?

ஜெனிவா ஒப்பந்தங்களுக்காக இந்தியா 1960-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் அதன்கீழ் அரசாங்கமே புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுக்கும். நானோ நீங்களோ கொடுக்க முடியாது. இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றங்களாகவே இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில், 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர் எழுதிய தீர்ப்பு இந்த ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்று சொன்னது. இன்னும் அடைபடவில்லை.

2013-ல் குன்னூர் வெலிங்டனில் இலங்கை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கு வந்தபோது தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. நானும் போனேன். அந்தக் கோபம் நியாயமானது. அதே நியாயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் செத்தார்கள். அதற்கு யாரும் கூண்டில் ஏறவில்லை. நம் நாடு என்பதற்காக இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

புலிகள் செய்தது கணக்கில் வராதா?

வரும். வர வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டது, அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியது, கடைசிப் போரில் மக்களைத் தப்பவிடாமல் சுட்டது, பிள்ளைகளைப் பிடித்துப்போனது. வன்னியில் 'பிள்ளைபிடி' என்ற வார்த்தையைக் கேட்டாலே தாய்மார் முகம் மாறும். நம் தோட்டத்து வம்சப் பிள்ளைகளும் அதில் போனார்கள். ஹேக் நீதிமன்றம் கொடுத்த முதல் தீர்ப்பே, 2012-ல் கொங்கோவின் லுபாங்காவுக்கு, பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்காகத்தான். இலங்கையின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் கொலைக்கு உதவியதாக முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரை 2020-ல் ஸ்டட்கார்ட் நீதிமன்றம் தண்டித்தது. 2011 ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் 2015 ஐ.நா. விசாரணை அறிக்கையும் இரு தரப்பையும்தான் சொல்கின்றன. பாதியை மறைத்துச் சாட்சி சொன்னால், மீதிப் பாதியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிநாட்டு நீதிபதிகளை வைத்து இலங்கையிலேயே விசாரிப்பதாகச் சொன்னார்களே?

2015 அக்டோபரில் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நிறைவேறிய 30/1 தீர்மானம் அது. காமன்வெல்த் நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு வழக்கறிஞர்களும் பங்கேற்கும் விசாரணையை இலங்கையே ஆதரித்துக் கையெழுத்திட்டது. 2020-ல் விலகிக்கொண்டது. கம்போடியாவில் இப்படிக் கலப்பு நீதிமன்றம் நடந்தது. முடிய வெகுகாலம் பிடித்தது, தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். ஆனாலும் ஊர்மக்கள் பேருந்தில் வந்து உட்கார்ந்து விசாரணையைக் கண்ணால் பார்த்தார்கள். ஹேக்கில் அது நடக்காது. நம் சின்னம்மாக்கள் தங்கள் மொழியில் கேட்கும்படி நடக்கிற விசாரணைதான் எனக்கு ஆசை.

பழைய குற்றத்துக்குப் புதுச் சட்டம் பொருந்தாது என்று அங்கே ஒரு சாக்குச் சொல்வார்கள். இலங்கை அரசியலமைப்பின் 13(6) பிரிவே, உலக நாடுகள் குற்றமாக ஏற்றுக்கொண்ட செயலுக்குப் பின்னால் வந்த சட்டத்தில் தண்டிக்கலாம் என்கிறது. வழி இருக்கிறது, மனம்தான் இல்லை.

தூக்குத் தண்டனை கிடைக்குமா?

ஹேக்கில் கிடையாது. அதிகபட்சம் 30 வருடம் அல்லது ஆயுள். இலங்கையில் மரண தண்டனை விதிப்பார்கள், ஆனால் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை.

இத்தனை வருடம் ஆகிவிட்டதே, காலாவதி ஆகாதா?

ஆகாது. சர்வதேசச் சட்டத்தில் இந்தக் குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. சாட்சிகளின் ஆயுளுக்குத்தான் வரம்பு.

சரி, நாங்கள் இப்போது என்ன செய்யலாம்?

எழுதி வையுங்கள். சாட் நாட்டு சர்வாதிகாரி ஹாப்ரேயின் சிறையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த சுலைமான் கெங்கெங் என்பவர், வெளியே வந்து பாதிக்கப்பட்ட 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். வருடக்கணக்கில் அவற்றை ஒளித்து வைத்திருந்தார். ஹாப்ரே ஆட்சியை விட்டு ஓடியது 1990-ல். செனகல் தலைநகர் டக்காரில் ஆயுள் தண்டனை பெற்றது 2016-ல். அந்தக் காகிதங்கள் இல்லாமல் அந்த வழக்கு இல்லை.

எப்படி எழுதுவது? கண்ணால் கண்டதைத் தனியாகவும், கேள்விப்பட்டதைத் தனியாகவும் எழுத வேண்டும். தேதி நினைவில்லையா? "சித்திரை வருடப்பிறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி, மத்தியானச் சோறு வடிக்கும்போது" என்று எழுதினால் போதும், நீங்களாக ஒரு தேதியைப் போட்டுவிடாதீர்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே கதையாக எழுத வேண்டாம், தனித்தனியாக எழுதட்டும். படம் இருந்தால் அது எடுத்த போனையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். அங்கே இருக்கிற சொந்தக்காரர்களின் பெயரைப் பேஸ்புக்கில் போடவே வேண்டாம். வயதானவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள், ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். 2021-ல் நிறைவேறிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திலேயே இலங்கைக்கான சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்க ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்ப உதவி வேண்டுமானால், எந்தச் சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், காசு வேண்டாம்.

சின்னம்மா போன வருடம் மருத்துவத்துக்காக இங்கே வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். மகனின் பள்ளிப் படம் ஒன்று, அடையாள அட்டை நகல், ஒவ்வோர் ஆணைக்குழுவிலும் மனுக் கொடுத்ததற்கான துண்டுச்சீட்டுகள் பதினொன்று. மழையில் நனைந்து இரண்டில் மை கரைந்துவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்தேன். கரைந்த இரண்டிலும் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்காமலே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.